தெற்கு வாசலில் ஒட்டிய நோட்டீஸ்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் பெயரைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊழியர் சங்கத்தின் இந்த மலரில் எழுதுகிறவர்கள் அதிகாரிகளாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். நான் வீட்டுக்கடன் கம்பெனியின் ஒசூர் கிளையில் அலுவலக உதவியாளராக இருந்தவன். சங்கச் செயலாளர் இரண்டு முறை கேட்டபோது சமாளித்துவிட்டேன். மூன்றாவது முறை அவர் வீட்டுக்கே வந்து என் மனைவியிடம் கேட்டார். அவள், "எழுதிக் குடுத்துடுவாரு சார்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நோட்டீஸ் ஒட்டும் வேலை மாறிவிட்டதாம். கதவுக்கு முன்னால் நின்று கைபேசியில் படம் எடுத்தால் எந்த ஊர், எத்தனை மணி என்று படத்திலேயே விழுந்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள், "முன்னால எல்லாம் எப்படி ஒட்டுவாங்க?" என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

நான் சேர்ந்தபோது வேலை கோப்பு எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது, தபால் பதிவது. சில வருடங்களில் நோட்டீஸ் ஒட்டுவதும் என் தலையில் விழுந்தது. தவணை கட்டாமல் நின்றுபோன வீடுகளுக்கு, கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை எடுக்க வழிவிடும் சர்ஃபேசி சட்டப்படி ஒட்டுகிற நோட்டீஸ். அப்போது இருந்த அதிகாரிகள் ஜீப்பை விட்டு இறங்க மாட்டார்கள். நான் சினிமா போஸ்டர் மாதிரி ஒரு அடி அடித்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வேன். வீட்டு ஆட்கள் வெளியே வருவதற்குள் ஜீப் தெருவைத் தாண்டியிருக்கும். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அப்படி இருந்தபோதுதான் பேச்சியம்மாள் மேடம் வந்தார்.

அவர் திருநெல்வேலிப் பக்கம். குள்ளமாக, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடையோடு இருப்பார். சட்டப்படி வீட்டைக் கையகப்படுத்தும் அதிகாரம் பெற்ற அலுவலர் என்று அவர் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். நோட்டீஸில் கையெழுத்து அவருடையது. என்னைவிட ஏழு வயது மூத்தவர், ஆனால் முதல் நாளே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். கடைசி நாள் வரை அப்படித்தான்.

முதல் முறை என்னோடு வந்தவர், நான் பையிலிருந்து எடுத்த பசை டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார்.

"இது மரத்துக்குப் போடுத பசைல்லா? இத ஒட்டினா பெயிண்டோட பேந்துல்லா வரும்?"

"ஆமா மேடம். கிழிக்க முடியாது."

"அண்ணாச்சி, இன்னைக்குத் தேதிக்கு இந்த வீடு யாருது?"

நான் நோட்டீஸைப் புரட்டிப் பெயரைத் தேடினேன்.

"அவுகளுதுதான். நாளைக்கே பணத்தக் கட்டிட்டாவன்னா கதவுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சித் தருவீரா நீரு?"

அன்றிலிருந்து மைதாப் பசை. என் மனைவி காலையில் காய்ச்சி ஒரு தூக்கில் ஊற்றிக் கொடுப்பாள். பூச்சி வராமல் இருக்கப் போஸ்டர்காரர்கள் மயில்துத்தம் கலப்பார்கள். குழந்தைகள் கதவைத் தொட்டுவிட்டு வாயில் கை வைக்கும் என்று மேடம் அதையும் வேண்டாம் என்றார். நிலைப்படியில் மஞ்சள் குங்குமம் இருக்கும் இடத்தில் ஒட்டக் கூடாது. கோலத்தை மிதிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை போகவே மாட்டார். அந்த வீட்டில் பெரியவர்களில் யார் குள்ளமோ, அவர்கள் கண் உயரத்துக்கு ஒட்ட வேண்டும். "ஆம்பளைக்கு எட்டுத ஒசரத்துல ஒட்டினா பொம்பளைக்குத் தெரியாமலே போயிரும்" என்பார்.

ஒட்டி முடித்ததும் குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, நோட்டீஸை முதல் எழுத்திலிருந்து வாசிப்பார். வாசித்துவிட்டு வாசலிலேயே நின்று விளக்குவார். அதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"மொத நோட்டீசு வந்ததும் அறுபது நாள் இருந்துது. அதுக்குள்ள உங்க ஆட்சேபணைய எழுதிப் போட்டிருந்தா, நாங்க பதினஞ்சு நாள்ல பதில் சொல்லியே ஆகணும். அது போயிட்டுன்னா விட்டுருங்க. இது ரெண்டாவது நோட்டீசு. வீடு காகிதத்துல மட்டுந்தான் எங்க கைக்கு வந்திருக்கு. நீங்க இங்கதான் இருக்கலாம். இன்னையிலேருந்து நாப்பத்தஞ்சு நாளு. கோயம்புத்தூர்ல கடன் தீர்ப்பாயம் இருக்கு, அங்க போய் மனுப் போடணும். ஒசூர் கோர்ட்டுக்கு ஓடாதிய, அவங்க இத எடுக்க முடியாது. போட்டா நாளுதான் போகும். ஏலத்துக்கு விளம்பரம் வாரதுக்கு முன்னால முழுசையும் கட்டினா வீடு உங்களுது. முடியலன்னா, தவணைய மாத்திக் கேளுங்க. இல்ல, நீங்களே நல்ல வெலைக்கு ஆள் பாத்துட்டு எங்ககிட்ட எழுதிக் கேளுங்க. ஏலத்துல போறதவிட ரெண்டு காசு கூட வரும்."

கிளை மேலாளருக்கு இது பிடிக்காது. "மேடம், நீங்க கம்பெனி ஆளா, அவங்க வக்கீலா?" என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டார். மேடம் சிரித்துக்கொண்டே, "சட்டத்துல இருக்கதத்தான் வாசிக்கேன் சார். வாசிச்சாக் குத்தம்னா அச்சடிச்சவனத்தான் பிடிக்கணும்" என்றார்.

கம்பெனிக்கு எதிராகவும் அவர் போனதில்லை, அதையும் சொல்ல வேண்டும். கெடு முடிந்த வீட்டைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறார். அழுதவர்களை அழவிட்டு, பக்கத்தில் நின்று, சாமான்களுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஒருமுறை பாரூரில் ஒரு வீட்டுக்குப் போனோம். அடமானப் பத்திரத்தில் இருந்த சர்வே எண்ணைத் தேடினால் அங்கே கரும்பு ஆளுயரத்துக்கு நிற்கிறது. வீடு அடுத்த எண்ணில் இருக்கிறது. விவசாய நிலத்தை இந்தச் சட்டம் தொடாது. மேடம் ஒரு கரும்புத் தோகையை விலக்கிப் பார்த்துவிட்டு, "வாரும் அண்ணாச்சி, பசை ஆறிப்போச்சி" என்று திரும்பி நடந்தார். அந்தக் கோப்பு அப்படியே மேலிடத்துக்குப் போனது. கடன் கொடுத்தபோது இடத்தைப் பார்க்காதவர்கள் மேல் அவருக்கு வந்த கோபம், கடன் கட்டாதவர்கள் மேல் வந்து நான் பார்த்ததில்லை.

இனி நான் செய்த தவறு.

தளி ரோட்டில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். மாதேவப்பா என்பவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, கடன் வாங்கி வீடு கட்டினார். ஆள் குறைப்பில் வெளியே வந்த பிறகு தவணை நின்றது. முதல் நோட்டீஸ் தபாலில் போய், கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். பதில் இல்லை. அறுபது நாள் முடிந்து இரண்டாவது நோட்டீஸ் தயாரானது. அன்று மேடம் சென்னையில் பயிற்சிக்குப் போயிருந்தார். கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போனதால் நான் மட்டும் போனேன்.

பத்திரத்தில் தெற்குப் பார்த்த வாசல் என்று இருந்தது. தெற்குத் தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தேன். நீலக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் கோலம் இல்லை. கதவு வளையத்தில் ஒரு வெள்ளாட்டைக் கட்டியிருந்தார்கள். மனிதர் புழங்குகிற வாசல் மாதிரி இல்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. சுற்றிப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். குரல் கொடுத்திருக்க வேண்டும். குரல் கொடுத்தால் யாராவது வருவார்கள், வந்தால் பேச வேண்டும், மேடம் இல்லாமல் நான் என்ன பேசுவேன்? ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பசை தடவினேன், ஒட்டினேன், படம் எடுத்தேன். டீக்கடையில் இருந்த இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, ஒழுங்காக ஒட்டியதாக நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

சட்டப்படி இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. தபாலில் போன பிரதி, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. நாற்பத்தைந்து நாளும் முடிந்தது. அடுத்து, வீட்டை நேரடியாக எடுக்கக் கிருஷ்ணகிரியில் கலெக்டரிடம் மனுப் போட வேண்டும். அதற்கு முன்னால் ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டு வருவது மேடத்தின் வழக்கம்.

இரண்டு பேரும் போனோம். மேடம் தெரு முனையில் ஒருவரிடம் வழி கேட்டார். அவர் எங்களைக் கிழக்குப் பக்கமாகக் கூட்டிப் போனார். அங்கே புது வாசல். புதுக் கதவு, மாவிலைத் தோரணம், செம்மண் பட்டை போட்ட கோலம். ஒரு அம்மா சாமந்தியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாதேவப்பாவின் மனைவி முனிரத்தினம்மா. வீட்டில் கன்னடம், எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"யாரு நீங்க? பூவு ஓணுமா?"

மேடம் விவரம் சொன்னார். அந்த அம்மா கையிலிருந்த நூலைக் கீழே வைத்தார்.

"நோட்டீசா? எந்த நோட்டீசு? எங்க ஊட்டுல ஒண்ணும் ஒட்டலயே."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, எந்த வாசல்ல ஒட்டினீரு?"

கையைத் தெற்கே காட்டினேன். மூவரும் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். அதே நீலக் கதவு, அதே ஆடு. நோட்டீஸில் மேல் ஓரம் ஒரு கை அகலம் மிச்சம் இருந்தது. மற்றதை எல்லாம் மைதாவுக்காக ஆடு நக்கித் தின்றிருந்தது.

"அது கதவே இல்லீங்களே," என்றார் முனிரத்தினம்மா. "உள்ள செங்கல் வெச்சிக் கட்டியாச்சே, பக்கத்து ஊட்டு ஆட்டக் கட்டறதத் தவிர யாரும் இந்தப் பக்கம் வரதில்ல. இந்த மனுசன் வேல போயி, கடன் நின்னுபோயி, மனசு சரியில்லாம கெலமங்கலத்துல ஒரு வாஸ்துக்காரன்கிட்டப் போனாரு. தெக்கு வாசல்தான் ஊட்டுக் காச வெளிய தள்ளுது, கெழக்க தெறந்தா எல்லாம் சரியாப் போவும்னான். எங்கம்மா போட்ட வளையல வித்து வாசல மாத்துனோம்."

மாதேவப்பா அதற்குள் வந்துவிட்டார். மெலிந்த மனிதர். முதல் நோட்டீஸைப் பற்றி மேடம் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். இரண்டாவது தபால் வந்தபோது, கையெழுத்துப் போடாவிட்டால் கேஸ் நிற்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆள் இல்லை என்று எழுதிக்கொள்ளும்படி தபால்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு முனிரத்தினம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாஸ்துக்காரன்கிட்டப் போன காலு வக்கீலுகிட்டப் போவக் கூடாதா? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல? ஆட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல பாரு!"

பிறகு மேடத்திடம் மெதுவாகக் கேட்டார். "அந்த நாப்பத்தஞ்சு நாளு, போனது போனதுதானா மேடம்?"

மேடம் குடையை எடுத்துக்கொண்டு, கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவர் நாள் கணக்கை வாசலிலேயே விளக்காமல் திரும்பியது அன்றுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் மேடம் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

அலுவலகத்தில் மேலாளர் கோப்பைப் புரட்டினார். "படம் இருக்கு, சாட்சி இருக்கு, பேப்பர் விளம்பரம் இருக்கு. வெளிக்கதவுல ஒட்டணும்னு விதி. ஒட்டியாச்சு. அவங்க கதவ மாத்திக்கிட்டா நாம என்ன பண்றது? கலெக்டருக்கு மனுவ அனுப்புங்க."

"கண்ணுல படுத எடத்துலன்னும் விதியில இருக்கே சார். ஆட்டுக் கண்ணுல பட்டா போதுமா?"

"மேடம், ஒட்டினவரே ஒழுங்கா ஒட்டினதா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அத மீறி நோட்டீச வாபஸ் வாங்கிப் புதுசாப் போட, கோப்புல என்ன காரணம் எழுதுவீங்க?"

அதிகாரம் அவருடையது. அவர் நினைத்தால் அந்த நோட்டீஸை விலக்கிக்கொண்டு புதிதாகப் போடலாம், புதிதாக நாற்பத்தைந்து நாள் கிடைக்கும். ஆனால் காகிதத்தில் காரணம் வேண்டும். காரணம் நான்தான். நான் எழுதிக் கொடுத்தால், பொய்யாகச் சான்று கொடுத்தேன் என்று என் மேல் திரும்பும். என் பெண்ணுக்கு அப்போது கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய சமயம்.

மாலையில் மேடம் என் மேசைக்கு வந்தார். "நான் உம்மகிட்ட ஒண்ணும் கேக்கமாட்டேன், அண்ணாச்சி. கேட்டா உத்தரவு மாதிரி ஆயிரும். நீரே யோசியும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தாமல், "நீங்க கூப்ட்டிருந்தா அந்தம்மா வந்திருக்குமா?" என்று கேட்டாள். வந்திருப்பார் என்றேன். "அப்பறம் என்னா?" என்றாள்.

மறுநாள் காலை சீக்கிரமே போய் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணானது. நாலாவது தாளில் இப்படி எழுதினேன்: "நான் நோட்டீஸ் ஒட்டியது புழக்கத்தில் இல்லாத கதவு. கோலம் இல்லை, ஆடு கட்டியிருந்தது. சந்தேகம் வந்தும் நான் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. ஆட்கள் வந்துவிடுவார்களோ என்ற கூச்சத்தால் கூப்பிடவில்லை. தவறு என்னுடையது." கடைசி இரண்டு வரியை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. அதற்கு முன்னால் எழுதியதே போதும், கூச்சத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் அதை எழுதாமல் விட்டால் முழுதாக இல்லை என்று தோன்றியது.

மேடம் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். "கையெழுத்துக்குக் கீழ தேதியப் போடும்" என்றார்.

எனக்கு மெமோ வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். நோட்டீஸை மேடம் விலக்கிக்கொண்டு, புதிதாகக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரத்திலேயே புதன்கிழமை தளி ரோட்டில் இறங்கினோம்.

கிழக்கு வாசலில், முனிரத்தினம்மாவின் கண் உயரத்துக்கு ஒட்டினேன். பக்கத்து வீட்டார், டீக்கடைக்காரர் என்று பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். மேடம் குடையைச் சாத்திவிட்டு நோட்டீஸைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கன்னடம் வராது, அண்ணாச்சி. உமக்கு வரும்லா?"

வரும். கன்னடமும் தெலுங்கும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் வருவதுபோல எனக்கும் வரும். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் பேசியதில்லை. முதல் வரியில் குரல் உள்ளேயே நின்றது.

"ஜோரா, சத்தமா சொல்லுங்கண்ணா," என்றார் முனிரத்தினம்மா. "ஆட்டுக்கு மட்டுந்தான் சொல்லுவீங்களா?"

கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு குரல் வந்தது. அறுபது நாள், நாற்பத்தைந்து நாள், கோயம்புத்தூர், ஏலத்துக்கு முன்னால் கட்டினால் வீடு உங்களுடையது, தவணையை மாற்றிக் கேட்கலாம், எல்லாவற்றையும் கன்னடத்தில் சொன்னேன். மேடம் சொல்லும் வரிசையிலேயே சொன்னேன். முனிரத்தினம்மா ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். மாதேவப்பாவை அவர் பேசவே விடவில்லை.

இந்த முறை யாரும் வாஸ்துக்காரரிடம் போகவில்லை. மூன்றாம் நாளே முனிரத்தினம்மா ஒசூரில் ஒரு வக்கீலைப் பிடித்தார். கோயம்புத்தூருக்குக் கணவனும் மனைவியும் பஸ்ஸில் போய் வந்தார்கள். ஒரு பங்கைக் கெடுவுக்குள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்ப்பாயம் வீட்டை எடுக்கத் தடை கொடுத்தது. அவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரோஜா உண்டு. காதலர் தினத்துக்குப் போகும் பிப்ரவரிப் பூவுக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கி அதைக் கட்டினார்கள். மீதியைத் தவணை நீட்டி எழுதித் தரும்படி கம்பெனிக்கு மனுக் கொடுத்தார்கள். மேடம் பரிந்துரை எழுதினார். மேலிடத்திலிருந்து பதில் வர மாதக்கணக்கானது. அந்த மாதங்களில் தபால் பையைத் திறக்கும்போதெல்லாம் நான் முதலில் அதைத்தான் தேடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. தவணையை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். நடவடிக்கை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கடைசி வரியில் இருந்தது. தொலைபேசியில் சொன்னோம். மதியத்துக்குள் முனிரத்தினம்மா கிளைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பை. அதிலிருந்து இரண்டு முட்டைக்கோஸை எடுத்தார். ஒன்றை மேடத்தின் மேசையிலும் ஒன்றை என் மேசையிலும் வைத்தார்.

"இதெல்லாம் கூடாதும்மா. லஞ்சம்னு சொல்லுவாவ," என்றார் மேடம்.

"கோசு லஞ்சமா? கிலோ மூணு ரூவாய்க்குக் கேக்கறான் மண்டியில. லஞ்சம் குடுக்கறதுனா நான் இதவிட நல்லதாக் குடுப்பேன்!"

மேடம் பத்து ரூபாயை எடுத்து அவர் கையில் திணித்தார். மேலாளர் கூட அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். முனிரத்தினம்மா போகும்போது என்னிடம் வந்து, "அண்ணா, நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே. மேடம் சொன்னாங்க" என்றார். நான் முட்டைக்கோஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மத்தூரில் ஒரு வீடு. மேடத்துக்குக் காய்ச்சல், நான் தனியாகத்தான் போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன். ஒரு பெரியவர் வந்து கதவைத் திறந்தார்.